நான்கு பீர், ஏழு வீடு

புதுக்கோட்டையில் பழைய வீடுகள், பலகாரம், பீர் மூன்றையும் சேர்த்துக் காட்டும் நடைச் சுற்றுலா ஒன்றுக்குப் போனேன். ஹோட்டல் பாரில் நான்கு வகைப் பீர், மூன்று கடைப் பலகாரம், ஏழு வீடுகள் என்று வழிகாட்டி திட்டம் போட்டிருந்தார். பாரை விட்டால் வழியில் கழிப்பறை ஒன்றுகூட இல்லை. எழுபத்தொரு வயதுக்காரனின் மூத்திரப்பையைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

ஐந்தாவது வீட்டு வாசலில் அவசரத்தைச் சொன்னேன்.

"இன்னும் ரெண்டு வீடுதான் சார், கொஞ்சம் அடக்கிக்குங்க."

அவர் மாடத்தை வருணிக்கத் தொடங்கியதும், நான் அந்த வீட்டுக் கதவையே தட்டினேன். திறந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்ததுமே கை காட்டினார்.

"அங்கிட்டுப் பின்கட்டுக்குப் போங்க. போன வாரம் மூணு பேரு வந்தாங்க."

பத்தொன்பது எட்டு எடுத்து வைத்தேன். அந்தச் சுற்றுலாவில் உருப்படியான கட்டடம் அது ஒன்றுதான்.