சாம்பிராணி மேல் போட்ட பழி

ஸ்ரீநாத்துக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. கடலுக்கும் அவனுக்கும் உள்ள சம்பந்தம் மெரினாவில் பேண்ட்டை மடித்துவிட்டுக் காலை நனைத்ததோடு சரி. ஆனாலும் நூம்பலில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்த நாளிலிருந்து, ஹாலில் உப்புத்தண்ணீர் மீன் தொட்டி வைத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். எதையும் படித்துப் பார்த்துவிட்டுச் செய்கிற ஆள். மிக்ஸி வாங்கினால்கூட டப்பாவில் வரும் தாளை மூலை முடுக்கு விடாமல் படிப்பான். ஐ.டி. கம்பெனியில் அவனுக்கு வேலையே அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதுதான். தன் தப்பைக் கண்டுபிடிக்க அங்கே யாரும் சம்பளம் தருவதில்லை.

தொட்டி ஆவடியில் கிடைத்தது. ஃபேக்டரியில் ரிட்டையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்த அந்தோணிராஜ் கொடுத்தார். மகள் வீட்டுக்குப் போகிறார். அங்கே தொட்டி வைக்க இடமில்லை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி மீன்களை அவர் ‘பசங்க’ என்றுதான் சொன்னார். பழைய தண்ணீரை பபுள்டாப் தண்ணீர் கேன்களில் பிடித்து, பாறைகளையும் மணலையும் அதே தண்ணீரோடு பக்கெட்டுகளில் போட்டு, எல்லாவற்றையும் குட்டி யானை வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டி கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

“சார், ஒண்ணே ஒண்ணு. பாறைய குழா தண்ணில கழுவிடாதீங்க. கண்ணுக்குத் தெரியாத உயிரு அதுல கீது. மீனு போடற அழுக்க அதுதான் தின்னுது. அது செத்துச்சுன்னா, பசங்க அவங்க அழுக்குலயே செத்துருவாங்க.”

“தெரியும் சார், வீடியோல பாத்திருக்கேன்” என்றான் ஸ்ரீநாத். உண்மையிலேயே பார்த்திருந்தான்.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி கார்த்திகாவும் அவள் அம்மா வசந்தாவும் மாங்காட்டுக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பக்கெட் மூடியைத் திறந்ததும் காசிமேட்டு மீன் மார்க்கெட்டே ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. புது டைல்ஸ், புது சோபா, பாறையிலோ பாசியும் கொழகொழப்பும். அருப்புக்கோட்டை வீட்டில், இன்னொருத்தர் புழங்கிய பொருள் எதுவானாலும், சைக்கிளே ஆனாலும், வாசலில் வைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவித்தான் உள்ளே எடுப்பார்கள். படித்ததெல்லாம் மூளையில் இருந்தது, வளர்ந்த விதம் கையில் இருந்தது. லேசாக அலசினால் ஒன்றும் ஆகாது என்று பாத்ரூமில் போர் தண்ணீரைத் திறந்தான். அலச ஆரம்பித்தவன், துணி தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்துப் பாறை வெளுக்கும்வரை தேய்த்தான். மணலையும் விடவில்லை.

கோயிலிலிருந்து வந்தவர்கள் தொட்டியைப் பார்த்து வாய் பிளந்தார்கள். “இன்னா பளிச்சுனு கீது மாப்ள!” என்றாள் வசந்தா. அவன் சிரித்து வைத்தான்.

வசந்தா புருஷனைப் பறிகொடுத்தபின் இங்கே வந்தவள். ஆவடியில் மகன் லோகேஷ் இருக்கிறான். அவன் பெண்டாட்டிக்கும் இவளுக்கும் ஆகாது. மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற கூச்சம் அவளுக்கு விட்டபாடில்லை. மாப்பிள்ளை ஹாலுக்கு வந்தால் டிவியை அணைத்துவிட்டு எழுந்துவிடுவாள். இந்த வீட்டில் அவள் கூச்சமில்லாமல் செய்தது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் தூபக்காலில் சாம்பிராணி போட்டு, சாமிக்கும் புருஷன் படத்துக்கும் காட்டிவிட்டு, அறை அறையாகப் புகை காட்டுவாள். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவள் நடையே வேறாக இருக்கும்.

அந்த வாரம் தொட்டித் தண்ணீர் பால் கலந்தமாதிரி ஆயிற்று. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெள்ளிக்கிழமை வந்தது, வசந்தா வழக்கம்போல் புகை போட்டாள். சனிக்கிழமை காலையில் இரண்டு மீனும் மிதந்தன. ஸ்ரீநாத் ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரை எடுத்து, அழுக்கைச் சோதிக்கிற மருந்தை விட்டுப் பார்த்தான். கரும்பச்சையாக மாறியது, அழுக்கு தின்ன ஆளில்லாமல் ஏறிக் கிடந்தது. யாரும் பார்ப்பதற்குள் குப்பியை சிங்க்கில் கொட்டிவிட்டான்.

அப்போதா அந்தோணிராஜின் போன் வரவேண்டும்?

“பசங்க எப்டி கீறாங்க சார்?”

சொன்னான்.  “பாறைய கழுவினீங்களா?” என்று கேட்டார் அவர்.

“இல்லையே சார். வீட்ல சாம்பிராணி போட்டாங்க. அந்தப் புகைதான்னு நினைக்கிறேன்.”

எப்படி வாயில் வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை. திரும்பினால், காபி டம்ளரோடு வசந்தா நின்றுகொண்டிருந்தாள்.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். அவள் டம்ளரை மேசைமேல் வைத்தாள். “தெரியாம செஞ்சிட்டேன் மாப்ள. மன்னிச்சிருங்க” என்றாள். மாமியார் மருமகனிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அவனும் கேட்டுக்கொண்டு நிற்கிறான். கார்த்திகா வேறு, “சொன்னா கேக்கறியாம்மா நீ? ஊடு ஃபுல்லா புகை!” என்று தாளித்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்று வசந்தா பரிமாறிய சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை தூபக்கால் வெளியே வரவில்லை. அதற்கப்புறம் ஒருநாள் அவன் ஆபீஸிலிருந்து வந்தபோது வசந்தா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். லோகேஷ் வீட்டுக்குப் போகிறாளாம். அங்கே அவளுக்கு என்ன மரியாதை என்பது மூன்று பேருக்குமே தெரியும். இனியும் சும்மா இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது ஸ்ரீநாத்துக்கு.

“அத்தை, போகாதீங்க. மீன் செத்தது உங்களால இல்ல. தொட்டி குடுத்தவர் வேணாம்னு சொல்லியும், நான்தான் பாறையை போர் தண்ணில தேய்ச்சுக் கழுவினேன். அவர்கிட்ட பொய் சொன்னேன்.”

வசந்தா நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. அவன் எதிர்பார்த்த கலக்கம் இல்லை அது.

கார்த்திகா சிரித்துவிட்டாள். “நீயா? மிக்ஸி பேப்பர மனப்பாடம் பண்ற ஆளு, வேணாம்னு சொன்னதச் செஞ்சியாக்கும்? அம்மா, ஒன்ன நிறுத்தறதுக்கு இன்னாமா கத கட்றாரு பாரு!”

“சத்தியமா நான்தான்” என்றான். சத்தியம் செய்யச் செய்ய இருவர் முகத்திலும் அவன் மேல் பிரியம்தான் கூடியது. வசந்தா பையிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். மறுநாள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். “நான் செஞ்ச தப்ப தன் தலைல போட்டுக்கினாரு எங்க மாப்ள. பெத்த புள்ளகூட செய்யமாட்டான்.” பக்கத்து அறையில் உட்கார்ந்து ஸ்ரீநாத் எல்லாவற்றையும் கேட்டான். திட்டியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

தண்ணீர் தெளிந்து, கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையிலிருந்து புது மீன்கள் வந்தன. வசந்தா மட்டும் சாம்பிராணியைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் புருஷன் படத்துக்கு முன்னால் வெறுங்கையைக் கூப்பி நின்றுவிட்டுப் போனாள்.

பொறுக்க முடியாமல் ஒரு வெள்ளிக்கிழமை அவனே தூபக்காலில் நெருப்புப் போட்டு, சாம்பிராணி தூவி, மாமனார் படத்துக்குக் காட்டிவிட்டு, நேராகத் தொட்டிப் பக்கம் வந்தான். சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த வசந்தா, முந்தானையை விரித்துத் தொட்டியை மூடிக்கொண்டு நின்றாள்.

“வேணாம் மாப்ள! எனக்கோசரம் இந்த வாயில்லா ஜீவனுங்கள கொல்லாதீங்க.”

“அத்தை, இந்தப் புகையால எதுவும் சாகல. கொன்னது நான்.”

அவள் தூபக்காலை அவன் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“எத்தினி தபா இதையே சொல்வீங்க? உங்க மனசு எனக்குத் தெரியாதா மாப்ள?”