தூசி வெளியேறுகிறது என்றிருந்தேன்

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் முப்பது வருஷம் பாறை துளைத்தவர். மூச்சிரைப்பும் வெள்ளைச் சளியும் அவருக்குப் பழசு. அவருக்குப் பக்குவம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு எண்ணம்.

போன பனிக்காலத்தில் சளி பச்சையாக, கெட்டியாக வந்தது. இருமலும் கூடியது. நெஞ்சில் படிந்த சுரங்கத் தூசி இப்போதாவது வெளியேறுகிறதே என்று சந்தோஷப்பட்டு, சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லைன் வீட்டு வழக்கப்படி, தூசியை இறக்கட்டும் என்று வெல்லம் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை. ஜன்னலில் பனி வெள்ளையாக நின்றது. அவர் சாய்ந்தபடி, கண்மூடி, "கேஜ் வந்துட்ச்சாமே? லாம்ப் எடு" என்றார். கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு. மைன்ஸ் மூடி எத்தனை வருஷம்! கனவில் ஷிப்டுக்குப் போகிறார், போகட்டும் என்று போர்த்திவிட்டேன். அவர் பூமிக்குள் மெதுவாக இறங்குவதைப் பார்ப்பதுபோல நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டு மேரி வந்து லைட்டைப் போட்டாள். "யக்கா, அண்ணன் உதடு நீலமா கீது! இது தூக்கமா?"

"அசந்து கீறாரு. உனுக்கு இன்னா தெரியும்?" என்றேன். அவள் உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கழித்துத்தான் அவர் தெளிந்தார். "சளி நிறம் மாறி, மூச்சிரைப்பு கூடினா அன்னிக்கே வாங்க. பேச்சு கொழம்பினா, உதடு நீலமானா ஒரு நிமிஷம்கூட வீட்ல வெச்சிக்காதீங்க" என்றார் டாக்டரம்மா.

இப்போது தினமும் காலையில் சளியைப் பார்க்கிறேன், அவரைப் பேச வைக்கிறேன். வழக்கத்தைவிடத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிதான். நேற்று ஒரே மூச்சில், "காபில சக்கரையே இல்லியேமே, இன்னா கை உனுக்கு?" என்று திட்டினார். கேட்க ரொம்ப நன்றாயிருந்தது.