அந்த அறையில் சொன்ன காரணம்

மேசையின் நடுவில் டிஷ்யூ பெட்டியை வைத்தது நான்தான். நான்காம் மாடியில் ஜன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு பக்கம் இரண்டு நாற்காலிகள், எதிர்ப்பக்கம் ஒன்று, தண்ணீர் பாட்டில்கள், அந்தப் பெட்டி. அழுதால் கொடுக்கலாம், ஆனால் யாரையும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்க வேண்டாம் என்று எங்கள் மனிதவளத் துறையின் தலைவர் சொல்லியிருந்தார். அது 2009-இன் தொடக்கம். ஹைதராபாத்தில் அன்றைக்கு எழும்பி நின்ற கண்ணாடிக் கட்டடங்கள் பலவற்றிலும் ஏதோ ஒரு மாடியில் அப்படி ஓர் அறை இருந்திருக்கும். எங்கள் அறையில் முதல் நாள் உட்கார்ந்து பேசியவர், நான் அக்கா என்று கூப்பிட்ட என் சீனியர். நான் அவர் பக்கத்தில் கோப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு நாசரேத் பக்கம் ஊர். கணவருக்கு ராணுவ அலுவலகத்தில் சிவிலியன் வேலை என்பதால் திருமுல்கேரியில் வீடு. நான் திருச்சியிலிருந்து வந்தவள். அவர் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இன்னும் இரண்டு பெண்களோடு வாடகைக்கு இருந்தேன். காலையில் இருவருக்கும் ஒரே அலுவலக வண்டி. ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயத்தில் தமிழ் ஆராதனை. நான் பாடகர் குழுவில் பாடினேன், வெள்ளை அங்கியை நானே கஞ்சி போட்டுத் தேய்ப்பேன். ஆனால் அலுவலகத்தில் நான் கிறிஸ்தவள் என்பது என் பெயரைப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு மேல் தெரிய ஒன்றும் இல்லை. அக்காவும் மேசையில் வசனம் ஒட்டி வைத்தவர் இல்லை. யாரிடமும் அவர் மதம் பேசி நான் கேட்டதில்லை. காலையில் கணினியைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடுவார், அவ்வளவுதான். பக்கத்து மேசைக்காரர் அதைப் பார்த்துத் தலைவலி மாத்திரை நீட்டியதுண்டு. அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் பெரிய அமெரிக்க வாடிக்கையாளர் ஒரே மின்னஞ்சலில் திட்டத்தை நிறுத்திவிட்டார். ஒரு தளம் முழுக்க ஆட்களுக்கு வேலை இல்லை. அதை அப்படியே சொன்னால் மற்ற வாடிக்கையாளர்களும் பயந்து விலகுவார்கள் என்று மேலிடம் நினைத்தது. ஆகவே வேறொரு காரணம் தயாரானது. முந்தைய வருடத்து ரேட்டிங்குகளைத் திறந்து, நன்று என்றிருந்ததையெல்லாம் எதிர்பார்ப்புக்குக் கீழே என்று மாற்றினார்கள். திருத்திய தாளை எதிரில் வைத்து, உங்கள் வேலை திருப்தியாக இல்லை, நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கௌரவமாகப் போகலாம் என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியங்கள் தட்டச்சு செய்தே வந்தன. திங்கட்கிழமை அக்கா அவற்றை வாசித்தார். ஒவ்வொருவரும் வெளியே போனதும் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். ஏசி குளிர் என்று நினைத்தேன்.

அன்று வந்தவர்களில் பாலாநகரைச் சேர்ந்த ஒரு மென்பொருள் சோதனையாளர் இருந்தார். முப்பது வயது இருக்கும். தாத்தா காலத்தில் ரயில்வே பட்டறை வேலைக்காக ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம்; அப்பா பாலாநகர்த் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். இவரும் அதே கையோடு பிறந்தவர் மாதிரி, மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பிய பிழைகளைக் கண்டுபிடிப்பவர் என்று அந்தத் தளத்தில் பெயர். தாளைப் படித்தார். எதுவும் வாதாடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, "தேங்க்ஸ் மேடம்" என்று எழுந்து போனார்.

வியாழக்கிழமை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. அக்கா ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், சண்டை போடக் கூப்பிடல. நான் எந்த இடத்துல தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க, அடுத்த வேலைல சரி பண்ணிக்கிறேன். மூணு நாளா பழைய ரிப்போர்ட் எல்லாம் மனசுல ஓட்டிப் பார்க்கிறேன், கிடைக்க மாட்டேங்குது. நைனா வேற கேட்டுட்டே இருக்காரு, கைக்குடா, எதுக்குடா உன்னைத் தூக்கினாங்க, என்னா பண்ணேன்னு."

அக்காவின் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன. "பாத்துச் சொல்லுதேன் தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்தார். பிறகு எழுந்து கழிப்பறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். உள்ளே வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டு, கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், "அவன் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

அங்கிருந்து நேராகத் தலைவர் அறைக்குப் போனார். வெள்ளிக்கிழமைக்கான கோப்புகளோடு நான் ஏற்கெனவே வரச் சொல்லப்பட்டிருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. வேலை இல்லை, அதனால் அனுப்புகிறோம் என்று உண்மையைச் சொல்ல அனுமதி கொடுங்கள், எத்தனை பேர் எதிரில் வேண்டுமானாலும் உட்காருகிறேன், உங்கள் வேலை மோசம் என்று இனி என்னால் சொல்ல முடியாது என்றார் அக்கா. தலைவர் கெட்டவர் அல்ல. அவர் முகமும் பல நாள் தூங்காத முகமாகத்தான் இருந்தது. உங்கள் நம்பிக்கையை நான் மதிக்கிறேன், ஆனால் அதை அலுவலகத்துக்குள் கொண்டுவராதீர்கள் என்றார். அக்கா சற்று யோசித்தார். "அதை வெளியே எங்கே வைத்துவிட்டு வருவது என்று எனக்குத் தெரியவில்லை சார்" என்றார். கிண்டல் இல்லை அதில்; தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மாதிரிதான் இருந்தது. தலைவர் என் பக்கம் திரும்பினார். நாளை நீ உட்காரு என்றார். நான் சரி சார் என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஏழு பேர். தாளில் இருந்த வாக்கியங்களை ஏழு முறை சொன்னேன். எனக்குக் குரல் நடுங்கவில்லை, வாந்தியும் வரவில்லை. மதியம் வழக்கம்போலச் சாப்பிட்டேன். நடந்தவற்றில் இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

சனிக்கிழமை காலை அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். "ஏட்டி, ஸ்கூட்டிய எடு. பாலாநகர் வரைக்கும் போவணும்." எதற்கு என்று நான் கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்தவர் என் தோளைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். ஒரு சிக்னலில் நின்றபோது, பயமா இருக்கா என்று கேட்டேன். "இருக்காதா பின்ன? போவாண்டாம்னு சொல்லிரும் ஆண்டவரேன்னு ரெண்டு நாளாக் கேட்டுப் பாத்தேன். அவரு வாயத் தொறக்கல" என்றார்.

பட்டறைகள் நெருங்கிய ஒரு சந்தில் அந்தச் சோதனையாளரின் வீடு. இரும்பு அறுக்கும் சத்தத்தில் கதவைத் தட்டியது உள்ளே கேட்க நேரமானது. மகன் எங்களைக் கண்டதும் பதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. அப்பாவும் மகனும் நிற்க, அவரும் நின்றபடியே சொன்னார்.

"தம்பி, ஒங்க வேலைல ஒரு தப்பும் இல்ல. புராஜெக்ட் போயிட்டு, அதான் காரணம். ரேட்டிங்க மாத்தினாங்க. அது தெரிஞ்சுதான் ஒங்க முகத்தப் பாத்து அப்படிச் சொன்னேன். மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

மகன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப நான் எதையும் மிஸ் பண்ணலையா மேடம்?" என்றுதான் கேட்டார். இல்லை என்று அக்கா சொன்னதும் இன்னொரு முறை அதையே கேட்டார். அப்பாதான் கடுமையாகப் பேசினார்.

"இங்க வந்து சொல்றது சரிம்மா. நாளைக்கு இவன் வேற கம்பெனிக்குப் போனா, அவங்க உங்க ஆபீஸைத்தானே கேப்பாங்க? எழுதித் தருவீங்களா?"

நான் அக்காவின் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். வேண்டாம் என்பதற்காகத்தான் அழுத்தினேன். மகனே தடுத்தார்: "நக்கோ நைனா. மேடம் வேலை போயிடும்." அப்பா அசையவில்லை. "உனக்குப் போகலியா?" என்றார்.

"பெரியவர் சொல்லுதது சரிதான்" என்று சொல்லி அக்கா அப்போதுதான் உட்கார்ந்தார். வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதினார். தன் பெயர், பதவி, கையெழுத்து. எழுத்து கோணியிருந்தது. மறுநாள் நான் பாடகர் குழுவில் நின்று பாடினேன், அவர் மூன்றாவது வரிசையில் இருந்தார். நான் முழுப் பாட்டையும் புத்தகத்தைப் பார்த்தே பாடினேன்.

பிறகு மூன்று வாரம். அந்தத் தாள் எங்கோ ஒரு வீட்டில் இருக்கிறது என்ற நினைப்போடுதான் காலையில் வண்டி ஏறுவேன். தலைவர் அறைக் கதவு திறந்தால் ஏதாவது ஒரு கோப்பை எடுத்து விரித்துக்கொள்வேன். கடைசியில் அந்த அப்பா சொன்னபடியே நடந்தது. வேறொரு நிறுவனம் மகனை வேலைக்கு எடுக்க நினைத்து எங்களிடம் விசாரித்தது. எங்கள் பக்கத்திலிருந்து திருத்திய ரேட்டிங் போனது. அவர் வேறு வழியில்லாமல் அக்காவின் தாளைக் காட்டினார். இரண்டில் எது உண்மை என்று கேட்டு அவர்கள் அதன் நகலை எங்களுக்கே அனுப்பிவிட்டார்கள்.

தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அக்கா மறுக்கவில்லை. எழுதியது நான், தெரிந்தேதான் எழுதினேன் என்றார். கூட யாராவது வந்தார்களா என்று தலைவர் கேட்டார். "நான் செய்ததைப் பற்றி எதைக் கேட்டாலும் சொல்கிறேன் சார். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல மாட்டேன்." தலைவர் என்னைப் பார்த்தார். நீ போனாயா என்றார். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது. "இல்லை சார்" என்றேன். அக்கா தலை நிமிரவில்லை. அவர் பார்வை மேசை விளிம்பிலேயே இருந்தது. அந்த மௌனத்தை நான் எத்தனையோ தரம் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவர் பொய்யும் சொல்லவில்லை, என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. எனக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருப்பதே அதுவரை தெரியாது.

அன்று மாலையே அவருக்கும் ராஜினாமாத் தாள் தட்டச்சாகி வந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை. நானாகப் போகவில்லை, நீங்கள்தான் அனுப்புகிறீர்கள், அப்படியே எழுதுங்கள் என்றார். ஒரு மணி நேர இழுபறிக்குப் பின் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். என் மேசை அருகே வந்து, "ஒன் டிபன் பாக்ஸ் ஒண்ணு எங்க வீட்டுல கெடக்கு, வந்து எடுத்துக்கோ" என்றார். நான் போய் எடுக்கவில்லை.

அந்தப் பாலாநகர்க்காரரைப் புதிய நிறுவனம் எடுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டேன். அக்கா ஒரு வருடத்துக்கு மேல் வேலை இல்லாமல் இருந்தார். பிறகு போலாரத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்ந்தார். பழைய சம்பளத்தில் பாதிகூட இராது. நான் நிறுவனம் மாறி, திருமணமாகி, நகரத்தின் மறுபக்கம் குடிபோனேன். பாடகர் குழுவை விட்டேன். தூரம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அங்கே போனால் மூன்றாவது வரிசை இருக்கும் என்பதுதான் விஷயம்.

நான்கு வருடம் கழித்து, ஒரு துறையை நானே நடத்தும்போது, அதே மாதிரி ஒரு பட்டியல் என் மேசைக்கு வந்தது. காரணம் என்ற இடத்தில் அதே வாக்கியம். இரண்டு நாள் வாதாடி அந்த வாக்கியத்தை மட்டும் மாற்ற வைத்தேன். ஆட்களைக் காப்பாற்ற முடியவில்லை. அவர்களிடம் உண்மையைச் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான். இதைச் சாதனையாகச் சொல்லவில்லை. எனக்கு அதனால் எந்த ஆபத்தும் வரவில்லை. ஆனால் அன்று மத்தியானம் என்னால் இருக்கையில் இருக்க முடியவில்லை. ஆட்டோ பிடித்துப் போலாரம் போனேன்.

பள்ளி அலுவலகத்தில் அக்கா மாற்றுச் சான்றிதழ்களில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். நேற்றுப் பார்த்தவர் மாதிரி, "வாட்டி, இரி" என்றார். நான் உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நான் வரலன்னு சொன்னேன்."

"தெரியும். பக்கத்துலதான இருந்தேன்."

"கோவமா இருந்தீங்களா?"

"இருந்துச்சு, ரொம்ப நாளு. ஒனக்காக ஜெபம் பண்ண உக்காந்தா பல்லக் கடிச்சுக்கிட்டுதான் பண்ணுவேன்." முத்திரையை மைப்பெட்டியில் வைத்தார். "அப்புறம் நெனச்சேன், அந்தப் பையன் வீட்டுக்குப் போவ எனக்கே அஞ்சு நாள் ஆச்சே. ஒனக்குக் கொஞ்சம் கூடுதலா ஆவுது."

எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்து வந்து ஆறுதல் சொல்லவில்லை. சான்றிதழ்களை அடுக்கி வைத்துவிட்டு, "அந்த வெள்ளிக்கெழம நீ எத்தன பேர்ட்ட சொன்ன?" என்று கேட்டார்.

"ஏழு பேர்."

"பேரு ஞாபகம் இருக்கா?"

"ஏழும் இருக்கு."

"அப்ப என்கிட்ட எதுக்குட்டி வந்த?" என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. அடுத்த சான்றிதழை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

அந்த ஏழு பேரின் எண்களைத் தேடி எடுக்க ஒரு வாரமானது. முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது எண் நீண்ட நேரம் அடித்தது, வைத்துவிடலாம் என்று நினைத்தபோது ஓர் ஆண் குரல் எடுத்தது. என் பெயரையும் பழைய நிறுவனத்தின் பெயரையும் சொன்னேன். மறுமுனையில் எங்கோ தெருவில் வண்டிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஞாபகம் இருக்கு மேடம்" என்றார். "சொல்லுங்க."

நான் எழுந்து நின்றுகொண்டு சொல்லத் தொடங்கினேன்.