நீலச் சேலையும் முன்வாசலும்

நெய்யாற்றின்கரையில ஒரு ஆபீஸைத் தூத்துத் துடைக்கிறவ நான். எங்க ஊரு திருப்புறத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒருநாள் திருவனந்தபுரம் பார்க்கப் போனோம். கூட்டத்துல யாரும் தொலைஞ்சுபோகக் கூடாதுன்னு எல்லாருக்கும் ஒரே நீலச் சேலை.

ஒரு மியூசிய வாசல்ல காவலாளி எங்க சேலையை யூனிஃபார்ம்னு நினைச்சு எங்களைத் தடுத்தார். "க்ளீனிங்காரங்க பின்வாசல் வழியா போகணும்."

எங்களைக் கூட்டிட்டு வந்த சுசீலா அக்கா பதறிட்டாங்க. "ஐயோ சாரே, நாங்க அப்படியுள்ள ஆளுக இல்ல."

எனக்குச் சுருக்குன்னுச்சு. காவலாளி சொன்னதுக்கு இல்ல, அக்கா சொன்னதுக்கு.

"நான் அப்படியுள்ள ஆளாக்கும் சாரே. டிக்கெட்டும் உண்டு. இந்த வாசல் வழியாத்தான் வாறேன்"னு சொல்லிட்டு முன்னால நடந்தேன்.

உள்ள எல்லாரும் சிலைகளைப் பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன். பளபளன்னு இருந்தது. அதைத் துடைச்சவ பின்வாசல் வழியாத்தான் வந்திருப்பா.

நான் அந்தத் தரையோட நட்டநடுவுல நடந்தேன்.