வெள்ளைக்காரி படம் போட்ட எண்ணெய்

ஆட்சி மாறி, நில உச்சவரம்பு என்று ஊரெல்லாம் பேச்சு அடிபட்ட காலம். அந்த ஆனியில் கூலித் தகராறு முற்றி, எங்கள் வயலுக்கு நடவாட்கள் வரவில்லை. குடவாசல் பக்கம் ஊருக்கு ஊர் இதே கதைதான். நாற்று முற்றுகிறதே என்று தவித்த அப்பா, கடைசியில் தானே நாற்றுப் பறித்துப் போட்டார். நானும் அம்மாவும் சேற்றில் இறங்கினோம். பன்னிரண்டு நாளில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். நடவுப் பெண்கள் புருஷனின் முழுக்கைச் சட்டையை மாட்டி, முண்டாசும் கட்டிக்கொண்டு இறங்குவது எதற்கென்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. கழுத்தும் கையும் எரிந்தபோதுதான் புத்தி வந்தது.

எரிச்சலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அம்மா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடக் கடவுளே, கரிச்சட்டி மாதிரி ஆயிட்டியேடி!"

அப்போதுதான் சிங்கப்பூர் சித்தப்பா எப்போதோ அனுப்பிய பாட்டில் அவளுக்கு ஞாபகம் வந்தது. உள்ளே தேங்காய் வாசனையோடு எண்ணெய். மேலே ஒட்டியிருந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரி கடற்கரை மணலில் மல்லாந்து கிடந்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு அதிசயம். இவளுக்கு ஒதுங்க ஒரு நிழல்கூடவா கிடைக்கவில்லை? இங்கிலீஷ் படிக்க வீட்டில் ஆளில்லை. "வெள்ளைக்காரி பூசுறான்னா வெள்ளையாகறதுக்குத்தான் பூசுவா," என்றாள் அம்மா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. படத்தில் உள்ளபடியே செய்வோம் என்று, எண்ணெயைப் பூசிக்கொண்டு மூன்று நாள் உச்சி வெயிலில் களத்தில் உட்கார்ந்தேன். மூக்கு உரிந்தது.

வியாழக்கிழமை சித்தப்பாவே வந்து இறங்கினார். "அடிப்பாவி! அது வெள்ளைக்காரிங்க கறுக்கறதுக்குப் பூசுற எண்ணெய்டி!" என்றார். மூக்கு எரிந்தபோதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கறுக்கக் காசு கொடுக்கிற சனமும் உண்டா? எவ்வளவு நேரம் கிடப்பார்கள், அவர்களுக்கு உரியாதா, அங்கே பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவரைத் துளைத்தெடுத்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்து வளையலை மேலே தள்ளினார். அடியில் மட்டும் என் பழைய நிறம்.

"வெயில்ல நின்னுச்சோ?"

"களத்துல நெல்லு காயப் போட்டுச்சுங்க," என்றாள் அம்மா.

"கறுப்பு பத்தி ஒண்ணுமில்லீங்க. நாங்களும் கறுப்புதான். பொண்ணு சேத்துல எறங்கி நட்டுச்சுன்னு கேள்விப்பட்டோம். அப்படின்னா எங்களுக்குச் சரிப்படாது."

எனக்குச் சுருக்கென்றது. அம்மா முதுகில் கிள்ளியும் வாயை அடக்க முடியவில்லை. "ஆமாங்க, எறங்கினேன். நடவு நட்டேன்," என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்க, விளையாட்டுக்குச் சொல்லுது," என்று அப்பா அவசரமாகச் சிரித்தார்.

ஊருக்குப் போய்க் கடுதாசி போடுவதாகச் சொல்லி எழுந்தார்கள். போடவில்லை. அவர்கள்மேல் எனக்குப் பெரிதாகக் கோபமில்லை. அப்பாவோடுதான் நாங்கள் நட்ட அந்தக் குறுவையை அறுக்கும்வரை நான் பேசவில்லை.