நீதிபதிக்கு ஓர் அர்ச்சனை

அமெரிக்கச் செனட்டில் நடந்த சண்டையால் மொன்றியலில் எங்கள் வீட்டுச் சோறு ஆறிப்போன காலம் அது. என் அண்ணன் கனடாவுக்கென்று வெளிக்கிட்டு, வழியில் அமெரிக்காவில் பிடிபட்டவர். அங்கே அகதி வழக்குத் தோற்று, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் கிடந்தது. அதிலும் தோற்றால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அந்த நீதிமன்றத்திலோ ஒரு நாற்காலி காலி. ஜனாதிபதி ஒரு பெண்மணியை அதற்கு முன்மொழிந்திருந்தார். எதிர்க்கட்சி செனட்டில் மறித்துக்கொண்டு நின்றது.

நான் டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிறவன். சட்டம் எனக்கு எட்டாது. ஆனாலும் அந்த மாதங்களில் எந்த செனட்டர் எந்தப் பக்கம் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். இடைவேளையில் போனோடு நான் இருக்கும் இருப்பைப் பார்த்து, கிரிக்கெட் பார்க்கிறேன் என்று கூட வேலை செய்கிறவர்கள் நினைத்தார்கள். இன்றைக்கு வாக்கெடுப்பு என்பார்கள், பிறகு அடுத்த கிழமை என்பார்கள். என் அண்ணனின் உயிர் ஊசலாட, அவர்கள் விடுமுறைக்குப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த அம்மா எங்கள் ஆள் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். முன்மொழிந்தது அகதிகளுக்கு இரங்கும் கட்சி, அது போதாதா? அதே நீதிமன்றத்தில் மற்றக் கட்சி நியமித்த ஒரு கிழவரும் இருந்தார். படத்தில் அவர் முகத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. நாசமாய்ப் போவான், இவன் கையில் மட்டும் வழக்குப் போய்விடக் கூடாது என்று வைதுகொண்டே இருப்பேன்.

என் மனைவி கோயிலில் அந்த அம்மாவுக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கினாள். நட்சத்திரம் தெரியவேண்டுமே! பிறந்த திகதியை இணையத்தில் தேடியெடுத்து ரோகிணி என்றேன். நேரம் தெரியாமல் சொல்ல முடியாது, கார்த்திகையாகவும் இருக்கலாம் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். சுவாமி பெயரில் செய்யலாம் என்று ஐயர் சொல்லிப்பார்த்தார். கேட்டால்தானே! கடைசியில் ரோகிணியே வென்றது. மந்திரத்துக்கு நடுவே அந்த வெள்ளைக்காரப் பெயரையும் ஐயர் ஒருவாறு சொல்லி முடித்தார்.

ஒரேயொரு வாக்கால் அந்த அம்மா நீதிபதியானார். மனைவி கேசரி கிண்டினாள். அண்ணன் வழக்கைக் கேட்கப்போகும் மூவரின் பெயரும் பிறகு வந்தது. அந்த அம்மா, எங்களுக்குத் தெரியாத ஒருவர், அந்தக் கிழவர். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தீர்ப்பு வந்த அன்று நான் வேலையில் நின்றேன். அண்ணன்தான் போன் எடுத்துச் சொன்னார். வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லிவிட்டார்களாம், இப்போதைக்கு அனுப்பமாட்டார்களாம். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

"அந்த அம்மாதானே அண்ணை?" என்றேன்.

"இல்லையடா, அவ எனக்கு எதிரா எழுதினவ. தீர்ப்பு எழுதினது அந்தக் கிழவர். மற்றவர் அவரோடை சேர்ந்திட்டார்."

அண்ணனின் குரல் உடைந்தது.

"ஊரிலை மறியல்லை அடைச்சு வைச்சு எனக்குச் செய்ததெல்லாத்தையும் அந்த மனுசன் ஒண்டும் விடாமல் வாசிச்சிருக்கிறாரடா. நான் சொன்னது உண்மை எண்டு எழுதியிருக்கிறார்."

இத்தனை வருடத்தில் ஓர் அதிகாரிகூட அண்ணனுக்கு அதைச் சொன்னதில்லை. பெட்டி வண்டிக்குப் பின்னால் நின்று நான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை நானும் மனைவியும் கோயிலுக்குப் போனோம். ஐயருக்கு எங்களை நல்ல ஞாபகம். அந்த அம்மாவுக்குத்தானே, ரோகிணி தானே என்று கேட்டார்.

"இல்லை ஐயா, இது வேறை ஆள். நட்சத்திரம் ஒண்டும் பாக்கேல்லை" என்றாள் மனைவி.

பெயரைச் சொல்லச் சொல்லி ஐயர் என்னைப் பார்த்தார். அதுவரை வைவதற்கு மட்டுமே நான் வாயில் எடுத்த பெயர். ஐயருக்கு விளங்கும்படி அதை மெதுவாகச் சொன்னேன்.