கணப்பு மேசையில் நாலாவது ஆள்

பனி இறுகிக் கல்லாய்க் கிடந்த ஒரு காலை, புத்தர் கோயில் கூடத்தில் இறந்தவர்களுக்கான பூசை நடந்துகொண்டிருந்தது. எல்லாருடைய காலணிகளும் வாசல்படிக்குக் கீழே கிடந்தன. தனியாளாய் வாழ்ந்த யோஷினோ அம்மாளின் துணிச் செருப்பு மட்டும் வரும் வழியிலேயே நனைந்து, விறைத்துப் பலகை போல ஆகியிருந்தது.

சூத்திரம் பாதி ஓடும்போது மிசாவோ ஓசைப்படாமல் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் கோட்டு வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது. பின்வரிசையில் இருந்த தங்கை தொகிக்கு மட்டும் உள்ளே ஒரு செருப்பு நுனி தெரிந்தது. மிசாவோ கண்ணை மூடி, கைகூப்பி, ஈரச் செருப்பை அடிவயிற்றோடு அணைத்தபடி கடைசிவரை சூத்திரம் சொன்னாள். எல்லாரும் எழுவதற்குள் அதைக் கொண்டுபோய், போட்டுக்கொண்டு போக வசதியாக நுனி வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள்.

யோஷினோ அம்மாள் காலை நுழைத்ததும் திகைத்து நின்றாள். "என்னடி இது, உள்ள அடுப்பு வச்ச மாதிரி இருக்கு! இன்னிக்கு புத்தர் என் மேல கண்ணு வச்சிட்டாரு போல."

"வச்சிருப்பாரு, வச்சிருப்பாரு," என்றாள் மிசாவோ, தன் பூட்ஸை மாட்டிக்கொண்டே.

அப்படிப்பட்டவள் அவள். நாகானோ மலையில் ஒரு சரிவில் வீடு. கீழே பஸ் போகும் சாலையோரம், உப்பில் ஊறவைத்த கீரையைப் பூரணமாக வைத்துச் சுடும் ஓயாகிக் கொழுக்கட்டைக் கடையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஆகாமல் போனதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அவர்களுடைய அம்மாவுக்குக் கால் மரத்துப் போகும் வியாதி. முதலில் பாதம், பிறகு முழங்கால். பிறகு வயிறு சொன்னபடி கேட்கவில்லை. எழுந்து நின்றால் மயக்கம். பத்து வருஷம் அப்படியே தேய்ந்து தேய்ந்து போய்ச் சேர்ந்தாள். அம்மாவுடைய அப்பாவும் அதே வழியில்தான் போனார். "அந்த வீட்டு ரத்தம்" என்று ஊரில் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். மிசாவோவுக்கு ஒரு வரன் வந்து, நாள் பார்க்கும் வரைக்கும் போனது. அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் ஊருக்கு யாரென்று சொல்லாமல் ஒரு ஆளை அனுப்பி, கடையிலும் கிணற்றடியிலும் பேச்சுக் கொடுத்து வீட்டுப் பூர்வீகத்தை விசாரிப்பார்கள். அந்த ஆள் வந்துவிட்டுப் போன பிறகு வரனைப் பற்றிய பேச்சே வரவில்லை. மிசாவோ ஒரு நாள்கூட அதைச் சொல்லி அழுததில்லை. தொகிக்குத்தான் பிறகு கன்ஜி என்ற நல்ல மனுஷன் கிடைத்தான். "ரத்தமாவது மண்ணாவது" என்று தலையை ஆட்டிவிட்டுக் கட்டிக்கொண்டான். சிஹரு என்று ஒரே மகள் பிறந்தாள்.

ஒரு புத்தாண்டு அன்று நாலு பேரும் தொகி வீட்டுக் கணப்பு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தரையில் குழி, குழிக்குள் கரித்தணல், மேலே மேசை, அதன் மேல் கனத்த மெத்தைப் போர்வை. பக்கத்துக்கு ஒருவராக உட்கார்ந்து, போர்வைக்குள் காலை நீட்டி, ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

கன்ஜி மூக்கை உறிஞ்சினான். "யாரு நமக்குத் தெரியாம உள்ள அரிசி மோச்சி சுடுறது? கருகுது பாரு."

"அப்பா, ஒங்க கால் நாத்தமா இருக்கும்," என்றாள் சிஹரு.

"என் கால் நாத்தம் எனக்குத் தெரியாதா? இது வேற."

சிரித்துக்கொண்டே தொகி போர்வையைத் தூக்கினாள். அக்காவின் வலது பாதம் தணலுக்குக் காவலாக வைத்த கம்பியின் மேல் இருந்தது. காலுறை உருகிக் கம்பியோடு ஒட்டி, புகைந்துகொண்டிருந்தது. மிசாவோ அப்போதும் ஆரஞ்சுச் சுளையில் நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தொகி போர்வையைக் கீழே விடாமல் குனிந்தாள். "அக்கா, காலைக் காட்டு."

மிசாவோ காலை இழுத்து மடித்துத் தன் பாவாடைக்குள் வைத்துக்கொண்டாள். "நைலான் சாக்ஸுடி. மலிவா வாங்கினா இப்படித்தான் உருகும். காலுக்கு ஒண்ணும் ஆகல. சிஹரு, எனக்கு இன்னொரு ஆரஞ்சு எடு."

தொகி அதை நம்பினாள் என்று சொல்ல முடியாது. நம்ப வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

ஊர்ச் சுகாதார நர்ஸ் அந்தப் பனிக்காலத்தில் வீடு வீடாக வந்து, இந்த வியாதி இருக்கும் குடும்பத்தார் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் காட்ட வேண்டும், இப்போது வழி பிறந்திருக்கிறது, ஈரலை மாற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். "பனி கரையட்டும், போறேன்," என்றாள் மிசாவோ. பனி கரைந்தது. அதற்குள் சிஹருவுக்கு வரன் வந்துவிட்டது. சமவெளிப் பக்கம் ஆப்பிள் தோட்டக்காரர் வீடு. பையனும் பெண்ணும் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் விரும்பிவிட்டார்கள். பையன் வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. விசாரிக்க ஆள் வரும் என்று தொகி பயந்து செத்தாள். வந்ததா, வரவில்லையா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. சம்மதம் வந்தது. இலையுதிர் காலத்தில் கல்யாணம் நடந்தது. மிசாவோ கறுப்புக் கிமோனோவில் முழங்கால் மடித்து உட்கார்ந்து எல்லாருக்கும் சாக்கே மது ஊற்றினாள். எழுந்திருக்கும்போது மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த கோடையில் கொழுக்கட்டைக் கடை வாசலில் அவள் விழுந்தாள். வெறும் மயக்கம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் உடையைக் கழற்றியபோதுதான் தொகி பார்த்தாள். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. இரண்டு பாதங்களிலும் ஆறியும் ஆறாமலும் புண்கள்.

டாக்டர் ஹிரபயாஷி சின்ன வயதுக்காரர். வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து கொஞ்சம் கொழுப்பைக் கிள்ளி எடுத்து, சிவப்புச் சாயம் ஏற்றி, ஒரு தனி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அக்காளையும் தங்கையையும் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். கறுப்பில் பச்சையாக ஏதோ மின்னியது.

"சாயம் செவப்பு. இதுல பட்டா மட்டும் பச்சையா தெரியும். இதுதான் உங்க நரம்புல படிஞ்சிருக்கிறது," என்றார் டாக்டர். "புரதம்."

"புரதமா?" மிசாவோ கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அது டோஃபூல இருக்கிறதுல்ல? ஒடம்புக்கு நல்லதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொகிக்கு வரவில்லை.

"அதுல ஆயிரம் வகை இருக்கும்மா. ஒவ்வொண்ணும் மணி கோத்த சரம் மாதிரி. கோத்த சரம் சும்மா தொங்காது, தானா மடிஞ்சு ஒரு உருவத்துக்கு வரும். அந்த உருவம் இருந்தாத்தான் அதால அதோட வேலையச் செய்ய முடியும். உங்க வீட்ல கணப்பு மேசை இருக்கா?"

"இல்லாம?"

"பக்கத்துக்கு ஒருத்தரா நாலு பேர் உக்காருவீங்கள்ல? ஈரல் செய்யிற ஒரு புரதம் இருக்கு, அதுவும் அப்படித்தான். நாலு துண்டு ஒண்ணா உக்காந்திருக்கும். கழுத்துச் சுரப்பியில ஊறுறது, கண்ணுக்கு வேண்டிய சத்து, இதையெல்லாம் ரத்தத்துல சுமந்துட்டுப் போறது அதோட வேலை. உங்களுக்கு அந்தச் சரத்துல ஒரே ஒரு மணி மாறியிருக்கு. அதனால நாலும் இறுக்கமா உக்காராது. ஒண்ணு எழுந்து போயிடும். போனது மடிப்புக் கலைஞ்சு, அதே மாதிரி அலையிறதோட சிக்கிக்கிட்டு, நூலா திரிஞ்சு, நரம்புல போய்ப் படியும். மொதல்ல கால்."

மிசாவோ மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். "எங்கம்மா பாவம், முன்பிறவியில என்ன பண்ணினாளோன்னு ஊர்ல பேசுவாங்க. ஒரு மணிதானா?"

"ஒரு மணிதான்."

"பச்சை நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள். "பனிக்கு அடியிலேருந்து மொத மொதல்ல தலை நீட்டுற கீரை மாதிரி."

வழி ஒன்றுதான். அந்தத் துண்டுகளைச் செய்யும் ஈரலை எடுத்துவிட்டு, ரத்த சொந்தத்தில் அந்த மாற்றம் இல்லாத ஒருவரின் ஈரலில் பாதியை வைக்க வேண்டும். புதுப்பெண் சிஹருவைக் கேட்க முடியாது; மற்றபடி இருக்கும் சொந்தம் தொகி ஒருத்திதான். அவளுக்கும் அந்த மணி மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். பூவா தலையா போட்ட மாதிரி பாதிக்குப் பாதி.

தொகி அன்றே ரத்தச் சோதனைக்குக் கையை நீட்டினாள். முடிவு வரும்வரை சரிவிலிருக்கும் ஜிஸோ சாமி முன்னால் தினமும் போய் நின்றாள். கால் நோவுக்காரர்கள் வேண்டிக்கொண்டு கட்டிய வைக்கோல் செருப்புகள் அங்கே கொத்துக் கொத்தாகத் தொங்கும். அவளும் ஒரு ஜோடி கட்டினாள்.

அவளுக்கு மாற்றம் இல்லை. அப்படியானால் சிஹருவுக்கும் வராது, சிஹரு பெறப்போகும் பிள்ளைக்கும் வராது. தொகி ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். தன் ஈரல் அக்காவை எழுப்பி நடக்க வைக்கும் என்று கன்ஜியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

ஆனால் ஈரல் மாற்றும் டாக்டர்கள் மிசாவோவைச் சோதித்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். ஹிரபயாஷி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "உடம்புல சத்தே இல்ல. இதயத்துலயும் படிஞ்சிடுச்சு. கத்தி வச்சா மேசையிலயே போயிடுவாங்க. கால் மரக்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா... ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தாலும் பாத்திருப்போம். ஏம்மா வரல?"

அதற்குப் பதில் வேறு ஒருவர் வாயிலிருந்து வந்தது. சிஹருவின் மாப்பிள்ளைக்கு அத்தை முறையாகும் மொமோசே அம்மாள், ஒரு பெட்டி ஆப்பிளோடு மிசாவோவைப் பார்க்க வந்தாள். பார்த்துவிட்டு நடைக்கு வந்தவள் முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"சம்பந்தி, இவங்களா? நம்பவே முடியல. போன வருஷம் கட்டாந்தரையில புள்ள ஓடுற மாதிரி நடந்தவங்க."

"நீங்க எப்ப பாத்தீங்க?"

மொமோசே அம்மாள் கூச்சப்பட்டாள். "இப்ப சொல்றதுல என்ன. வழக்கப்படி விசாரிக்க வந்தது நான்தான். கொழுக்கட்டை வாங்கிற மாதிரி கடையில பேச்சுக் கொடுத்தேன். அவங்களே சிரிச்சுட்டாங்க. 'நீங்க கேக்கிற வீடு என் வீடுதான், நான்தான் பெரியம்மா. கால் வியாதின்னு யாராவது சொல்லியிருப்பாங்க. என் காலப் பாருங்க'ன்னாங்க. வீட்டு வாசல் வரைக்கும் மேல கூட்டிட்டுப் போய்க் காட்டி, மறுபடியும் பஸ் வரைக்கும் கீழ கொண்டுவந்து விட்டாங்க. அந்தக் கல்லுப் பாதையில வழி பூரா பேச்சு, சிரிப்பு. எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு. நான் வீட்ல போய் அதைத்தான் சொன்னேன்."

தொகிக்குப் புரிந்துவிட்டது. உணர்ச்சி தெரியாத காலால் தெரியாத தரையை மிதித்து அக்கா அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள். பூட்ஸுக்குள் கல் புகுந்ததோ, ரத்தம் வந்ததோ, இரவு கழற்றும்போதுதான் பார்த்திருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் சிஹருவின் கல்யாணம் நிற்கும் என்று, கல்யாணம் முடிந்த பிறகும் புதுப்பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் பேச்சு வரக்கூடாது என்று, வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். அந்தப் பெண்ணின் ரத்தத்தில் அந்த மணி மாறவே இல்லை. மறைக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

அவள் கட்டிலருகே போய் நின்றாள். "ஏன்க்கா என்கிட்ட சொல்லல? நான் ரத்தம் குடுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே! புள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிருக்கும். நீயும்..."

"வியாதி இருந்திருந்தா? பாதிக்குப் பாதின்னு டாக்டரே சொன்னாருல்ல," என்றாள் மிசாவோ. "எனக்கு ஆன மாதிரி அந்தக் கொழந்தைக்கும் ஒரு நாள் கல்யாணப் பேச்சு நின்னு போயிருந்தா நான் என்னடி பண்ணுவேன்?"

"ஜிஸோ சாமிக்கு ஒரு செருப்பாவது கட்டினியா?"

"கட்டினா ஊரே பாக்குமே. போற வழியில கும்பிட்டுக்குவேன். சாமிக்கு அது போதாதா?" பிறகு தங்கையின் கையைத் தேடிப் பிடித்தாள். "ஒனக்கு இல்ல. புள்ளைக்கும் இல்ல. இன்னொரு தடவ சொல்லு, கேக்கலாம்."

தொகி சொன்னாள். ஒவ்வொரு முறை போகும்போதும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள் மிசாவோ. நல்ல சூத்திரம் கேட்பது போல அவள் முகம் அமைதியாகும். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கருணை எங்கே இருக்கிறது என்று தொகி அந்த மாதங்களில் பலமுறை கோயிலில் கேட்டாள். பதில் வரவில்லை. ஆனாலும் கும்பிடுவதை அவள் விடவில்லை, அக்கா விடவில்லை என்பதால்.

வீட்டில் கணப்பு மேசைக்குத் தணல் போட்டால் கன்ஜி ஒரு பக்கம், தொகி ஒரு பக்கம். சிஹரு வரும் நாளில் மூன்று பக்கம் நிறையும். நாலாவது பக்கத்துப் போர்வை மட்டும் மடியாமல் தரையோடு படிந்து கிடக்கும். கன்ஜி அந்தப் பக்கம் பார்க்காமல் ஆரஞ்சு உரிப்பான்.

மறுபடி பனி இறுகிய காலம். ஒரு மாலை தொகி போனபோது மிசாவோ வெகுவாகச் சுருங்கியிருந்தாள். சிஹருவுக்கு மாதம் ஏழு என்று கேட்டுச் சந்தோஷப்பட்டாள். தொகி போர்வையை விலக்கி அவள் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குளிர்ந்து, கோயில் வாசலில் கிடந்த செருப்பு போல விறைப்பாக இருந்தன. கோட்டை அவிழ்த்து, அவற்றைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"தேய்க்கிறியா?" என்று கேட்டாள் மிசாவோ.

"ஆமாக்கா. சூடு தெரியுதா?"

"தெரியல. ஆனா நீ தேய்க்கிறது எனக்குப் புடிச்சிருக்கு."

வெளியே இருட்டத் தொடங்கியது. தொகிக்கு எழ மனமில்லை. மிசாவோதான் துரத்தினாள். மறுநாள் விடிவதற்குள் அவள் போய்விடுவாள் என்று இருவருக்கும் தெரியாது. தொகி கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தபோது அக்கா தலையணையிலிருந்து முகத்தை மட்டும் திருப்பிச் சொன்னாள்:

"பஸ்ஸை விட்டுறாதடி. படியெல்லாம் பனி உறைஞ்சிருக்கும், காலை நல்லா ஊனி வச்சுப் போ. ஒனக்குத்தான் தரை தெரியுதே."